ஒரு சுற்று கூடுதல்

பருத்திப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எனக்கு நாலடி முன்னால் நடந்த என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் அலுவலகத்தில் உன்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டேன். பூங்காவில் அது 'அக்கா' ஆயிற்று. 'நீங்கள்' எந்தச் சுற்றில் 'நீ' ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. ஏழு வருஷம் சேர்ந்து நடந்தோமே, எத்தனையோ மறந்துபோயிற்று. மறக்க வேண்டியது மட்டும் மறக்கவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு நேரத்தில், நீ உட்கார்ந்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தடிமனான பதிவேடுகளெல்லாம் போய், இப்போது இங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஜூலைச் சாரல். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து மூடிவிட்டேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. பதினேழு நாளுக்கு முன்னால் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்க்கிறேன். அது அங்கேயேதான் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை, பையனிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. சொல்லலாமென்று வாயைத் திறக்கும்போதெல்லாம் என் குரலே என்னைத் தடுக்கிறது. 'ஒரு சுற்று' என்று சொல்லிச் சிரிக்கிற குரல். உனக்குத் தெரியும் அந்தக் குரல்.

நம் நடையின் முதல் வருஷம் ஞாபகமிருக்கிறதா? காக்ஸ் டவுன் பூங்காவில் ஆறு சுற்று. ஆறிலும் நான் என் மாமியாரைப் பற்றியே பேசினேன். நீ கேட்டுக்கொண்டே நடந்தாய். உன் முறை வரும்போது உன் முட்டிவலி, உன் வீட்டுக் கூரை ஒழுகல், உன் பெண் ஷீலாவின் பரீட்சை. நடந்து முடித்து வீட்டுக்குப் போனால் உடம்பு லேசாகியிருக்கும், மனசு ஒரு மூட்டை கனத்திருக்கும். ஒருநாள் நான்தான் ஆரம்பித்தேன். இனிமேல் பூங்காக் கேட்டுக்கு உள்ளே வீட்டுப் பேச்சும் கிடையாது, வியாதிப் பேச்சும் கிடையாது. மீறினால் அபராதம், ஒரு சுற்று கூடுதலாக நடக்க வேண்டும்.

"அப்ப நீ தினம் மைசூர் வரைக்கும் நடக்கணும்டி" என்றாய்.

ஆனால் நீயும் ஒத்துக்கொண்டாய். அந்த விதி நமக்கு எவ்வளவு நல்லது செய்தது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. மரங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். கல் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்புப் பயிற்சி செய்கிற பெரியவர்களைப் பார்த்து நாமும் சிரித்தோம். வீட்டுக்குப் போய் நான் என் மாமியாரிடம் குரல் உயர்த்தாமல் பேசியது அந்த நாட்களில்தான்.

பிறகு நீ அந்த வருஷக் காகிதத்தை எழுதினாய். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பன்னிரண்டு கட்டம், மாதத்துக்கு ஒன்று. அலுவலகத்தில் உன் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாய். நீ போன பிறகு மேஜையையும் பீரோவையும் காலி செய்ய வந்தவர்களிடமிருந்து அதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஜனவரியில் காதை மூடாமல் நடக்காதே. அவரைக்காய் சீசன் என்பதற்காக மூன்று வேளையும் அவரைக்காய் வேண்டாம். ஏப்ரலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் படியிறங்காதே. ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுப் பசியோடு பஸ் ஏறாதே. ஜூலைச் சாரலில் பூங்கா வேண்டாம், அலுவலக மாடிப்படி நான்கு மாடி, இரண்டு தடவை. அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம் எல்லா மாதத்துக்கும் குறுக்கே ஒரு வரி சேர்த்தாய்: மணிக்கொரு தரம் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து ஒரு மரத்தைப் பார்.

தீபாவளி மாதத்தில், வாங்கிய இனிப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். டிசம்பரில் ஒரே வரி: 'அழுகை வந்தால் அடக்காதே.' உன் வீட்டுக்காரர் போனது ஒரு டிசம்பரில் என்பதை அந்த வரியைப் படித்துத்தான் நான் கணக்குப்போட்டுத் தெரிந்துகொண்டேன். நீயாகச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று நான்தானே விதி போட்டிருந்தேன்.

போன செப்டம்பருக்கு வருகிறேன். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நாலாவது சுற்றில் நீ பின்தங்கினாய். எப்போதும் நாலடி முன்னால் போகிறவள் நீ. திரும்பிப் பார்த்தேன். வந்து சேர்ந்ததும், "வாணி, ரெண்டு நாளா இந்தத் தோள்பட்டை, தாடை எல்லாம் ஒரு மாதிரி இழுக்குதுடி" என்றாய். நான் விரலை ஆட்டிக்கொண்டு சிரித்தேன். "வியாதிப் பேச்சு. ஒரு சுற்று" என்றேன்.

நீயும் சிரித்தாய். "போடி, கேஸா இருக்கும்" என்றாய். ஆறு சுற்று முடிந்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து ராகிக் கஞ்சி குடித்தேன். நீ ஏழாவது சுற்றை நடந்தாய். மெதுவாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று அண்ணாந்து எதையோ பார்த்தாய். பறவை பார்க்கிறாய் என்று நினைத்தேன் அக்கா. கையைக்கூட ஆட்டினேன்.

அதன்பிறகு பத்து நாள் நீ ஒரு வார்த்தை உடம்பைப் பற்றிப் பேசவில்லை. பதினோராம் நாள் காலை, நீ பூங்காவுக்கு வரவில்லை. கோபத்தோடு ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு நான் தனியாக ஆறு சுற்றும் நடந்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அதற்குள் உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார்கள். பெண்களுக்கு அது நெஞ்சில்தான் வலிக்க வேண்டுமென்பதில்லை, தோளிலும் தாடையிலும் வரும், வாயு என்று நினைத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னதைச் சுவரோடு நின்று கேட்டேன்.

சர்க்கரை போடாமல் காப்பி குடித்தவள் நீ. நான்கு மாடி ஏறியவள். நம் இருவரில் சோம்பேறி நான்தான். பின் எப்படி?

பூங்காவுக்கு அப்புறம் போகவேயில்லை. அந்தக் கன்னட அம்மா, நாய்க்குட்டியோடு வருவாரே, மார்க்கெட்டில் பார்த்து "எல்லி நிம்ம அக்கா?", எங்கே உங்கள் அக்கா என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்மைக் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைத்திருக்கிறார்.

நேற்று ஷீலா போன் செய்தாள். உன் மகள் இப்போது எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ், திரும்பி வர எட்டாகிறது. கழுத்துவலியாம். "ஆன்ட்டி, உங்ககூட வாக்கிங் வரட்டுமா? அம்மா ஷூ எனக்குக் கரெக்டா இருக்கு" என்றாள். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்பாள். கேட்டால் என்ன சொல்லட்டும்?

மணி இரண்டாகிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமை. இப்போதுதான் மறுபடி உட்கார முடிந்தது. வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மணிக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. உன் காகிதப்படி பூங்கா கூடாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு குடையோடு போனோம். ஜீன்ஸ் பேண்டுக்குக் கீழே உன் ஷூ. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த ஷூவையே பார்த்து நடந்தேன். முதல் சுற்று அவளுடைய மேனேஜரைப் பற்றிப் போயிற்று. இரண்டாவது சுற்றில், தூங்குமூஞ்சி மரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டுவிட்டாள். "அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா ஆன்ட்டி? உடம்பு சரியில்லன்னு?"

சொன்னேன். தோள்பட்டை, தாடை, என் விரல், என் சிரிப்பு, நீ நடந்த ஏழாவது சுற்று, பெஞ்சில் நான் குடித்த கஞ்சி. எதையும் குறைக்கவில்லை. அவள் நடையை நிறுத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரு முழுச் சுற்று எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். அந்தச் சுற்று போல நீளமான சுற்று அந்தப் பூங்காவில் கிடையாது.

பிறகு மரத்தடியில் நின்று சொன்னாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாங்க ஆன்ட்டி. 'வாணி என்னை ஒரு சுத்து எக்ஸ்ட்ரா நடக்க வெச்சிட்டா'ன்னு சிரிச்சாங்க. நான் கம்ப்யூட்டரைப் பாத்துக்கினே 'குட் மா'ன்னு சொன்னேன். ஏன்னுகூடக் கேக்கல."

குடையை இறக்கிவிட்டு நனைந்துகொண்டே நின்றாள். உன் மூக்கு அவளுக்கு. சளி பிடிக்கும், குடையைப் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வார்த்தைகள் வந்தன. "ஷீலா, எனக்கு ஒரு கட்டி இருக்கு."

அவள் பதறவில்லை. எங்கே என்று கேட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். பத்தொன்பது நாள் என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டாள்.

"உங்க அம்மாகிட்ட மட்டும்" என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, நீ கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பஸ் போவட்டும். நீங்க ரூலை மீறிட்டீங்க ஆன்ட்டி. ஃபைன் கட்டணும்ல. வாங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் நடக்கலாம்" என்றாள். அப்படிச் சொன்னபோது சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை, இருவருக்குமே.

நடந்தே போனோம். உன் ஷூ சேற்றில் நனைந்துவிட்டது, திட்டாதே. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். பல கட்டிகள் ஒன்றுமில்லாமல் போகும், சிலது போகாது, எதுவானாலும் முன்னாலேயே வந்தது நல்லது என்றார். முன்னால் என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊசியால் எடுத்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை முடிவு தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலமே அவரிடம் சொன்னேன். ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். பூங்காவில் போட்ட ஒரு விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்று எப்படி விளக்குவது? அவர் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் பாலிஷ் கறை, அதனால் என்னைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். என் மாமியார் உள்ளேயிருந்து, என்ன ஆச்சு, யாரும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று குரல் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் குரல் எனக்கு நியாயமாகப் பட்டது. போய் அவரிடமும் சொன்னேன்.

திங்கள் வர இன்னும் இரண்டு நாள். இன்று காலையிலிருந்து மூன்று தடவை வீட்டைக் கூட்டிவிட்டேன். உன் காகிதத்தை எடுத்து விரித்து வைத்திருக்கிறேன். நல்ல காகிதம் அக்கா. தண்ணீர், தூக்கம், நடை, மாடிப்படி, அழுகை, எல்லாம் இருக்கிறது. விதி போட்டவள் நான், அதனால் அதை எடுக்க வேண்டியவளும் நான்தான். பன்னிரண்டு கட்டங்களுக்கும் கீழே, என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'உடம்பு ஏதாவது சொன்னால், முதல் சுற்றிலேயே சொல்.' வருஷம் முழுவதற்கும்.

இந்தக் கடிதத்தை நம் அலுவலகப் பெண்கள் கொண்டுவருகிற ஆண்டு மலருக்குக் கொடுக்கப்போகிறேன். ஷீலாவிடம் கேட்டேன், போடுங்கள் என்றாள். உன்னைப்போல, 'கேஸா இருக்கும்' என்று சொல்லிவிட்டு மாடியேறுகிற இரண்டு பேராவது இதைப் படிப்பார்கள். அடுத்த முறை சந்தையில் அந்தக் கன்னட அம்மாவைப் பார்த்தால், நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என்ற பொய்யையும் திருத்திவிடுவேன்.

திங்கட்கிழமை சோதனைக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பூங்காவில் இருப்பேன். ஆறு சுற்று நடப்பேன். பிறகு பெஞ்சில் உட்காராமல், உன்னோடு நான் நடக்காமல் விட்ட அந்த ஏழாவது சுற்றையும் நடப்பேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பேன். நீ பறவை பார்க்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே நின்று, என்ன வந்தது என்பதை வாய்விட்டு உன்னிடம் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ நின்றபோது ஏனென்று கேட்காத,
இனிமேல் யார் நின்றாலும் கேட்கப்போகிற உன் தங்கை,
வாணி