கடலின் கண் பட்ட தூண்

மச்சான்,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூரைத் தகரத்துக்குப் பூசுவதற்காக யாரோ தார் காய்ச்சினார்கள். வாடை மூக்கில் ஏறியதும் முதலில் இருமல் வந்தது, பின்னாலேயே நீ வந்தாய். தலையில் ஈரச் சாக்கு, முகமெல்லாம் தார்ப் புள்ளி. இந்தக் கோலத்தில் உன்னைப் பார்த்தால் பிசாசுகூட ஒதுங்கிப் போகும் என்று ஒருநாள் சொன்னேன். "மொதல்ல ஒம் மூஞ்சியத் தண்ணியில பாருடா" என்றாய். நல்லவேளை, அன்று கடல் கலங்கலாகக் கிடந்தது.

எனக்கு எழுத்து சரியாக வராது, உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

கிள்ளானைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் அந்தத் துறைமேடை. கம்பி வைத்துக் கட்டிய காங்கிரீட் தூண்கள். உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒன்றும் ஆகாது என்று கட்டியவர்கள் நம்பினார்கள். உப்புத் தண்ணீர் மெல்ல உள்ளே ஊறியது. கம்பி துருப்பிடித்து வீங்கியது. வீங்கிய வேகத்தில் மேலே இருந்த காங்கிரீட் வெடித்துக் கொட்டியது. நம் கூட்டத்துக்கு அதைச் சரிசெய்யும் வேலை. தண்ணீர் வற்றியதும் கயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, வெடித்ததைக் கொத்தி எடுத்து, கம்பியை வெள்ளையாகத் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சிமெண்டுக் கலவையை அழுத்திப் பூசி, காய்ந்தபின் தார் அடிக்க வேண்டும். தண்ணீர் ஏறுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

பீப்பாயில் வரும் நல்ல தண்ணீருக்கு நீதான் காவல். ஒருநாள் அதில் நான் கால் கழுவியதற்கு, "கம்பிக்கு ஊத்தற தண்ணிடா அது! ஒங் காலு என்ன துருவா புடிக்கப் போவுது?" என்று என் பாட்டன்வரைக்கும் இழுத்துத் திட்டினாய்.

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நம்மை வேலை வாங்கும் மண்டோர் வந்து வெள்ளைக்கார இஞ்சினியர் சொன்னதைச் சொன்னார்: "இந்த மூலைத் தூண நீங்க பூசுங்க. பக்கத்துத் தூண சீன ஆளுங்க பூசட்டும். மழைக்காலம் கழிஞ்சும் நின்னா வேலை இருக்கு. வெடிச்சா மேடையவே இடிச்சிருவாங்க. நீங்க கப்பல்தான் லா."

மற்றவர்களுக்குப் போக இருந்தது வேலை, உனக்கு அஞ்சலை. பெண்டாட்டி செத்தபிறகு நீயே வளர்த்த மகள். செந்தூல் ரயில் பட்டறைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாய், அவள் வயிற்றில் பிள்ளை. "பேரப் புள்ளயத் தூக்காம நான் கப்பல் ஏற மாட்டேன்" என்று தூணைப் பார்த்துச் சொன்னாய். தூணிடம் சத்தியம் செய்தவனை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை.

அந்தத் தூணை நீ பூசியது போல யாரும் தன் வீட்டுச் சுவரைக்கூடப் பூசியிருக்க மாட்டார்கள். பூச்சை மூடும் முன் மடியிலிருந்து கல் உப்பும் மிளகாயும் எடுத்துத் தூணுக்குத் திருஷ்டி சுற்றினாய். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைப்பதுதானே வழக்கம்? கீழே கடலே இருந்தது. நீ போடவில்லை.

"கடலோட கண்ணுதான்டா இதுமேல பட்டிருக்கு. அதுகிட்டயே திருப்பிக் குடுத்தா வாங்கி மறுபடியும் போடாதா? உள்ள வச்சி அடைச்சிடறேன், வெளிய வராது."

மிளகாயைத் தூர எறிந்துவிட்டு, உப்பைக் கலவையோடு சேர்த்து உள்ளே அமுக்கிப் பூசினாய். "ரசம் நல்லா வந்திருக்கு, கொஞ்சம் புளி போடு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். பிறகு எல்லாரும் கும்பிட்டோம். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய கை உன்னுடையது, உப்பு வைத்த கையும் அதுதான். யாருக்கும் அது உறைக்கவில்லை.

மழை கழியவில்லை. பூச்சின் மேல் வெற்றிலை எச்சில் வழிந்தது போல ஒரு துருக் கோடு தெரிந்தது. அடுத்து விரிசல். பேச்சுவாக்கில் யாரோ திருஷ்டி சங்கதியைச் சொல்ல, மண்டோர் தலையில் அடித்துக்கொண்டார். "உப்பு உள்ள போவக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு! நீ அதையே உள்ள வச்சா பூசின?"

சொன்னபடியே நம் கூட்டத்துக்கு வேலை போனது. எனக்கு இங்கே செங்கல் சூளையில் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. நீ கப்பலுக்குப் போனாய். போகும் முன் செந்தூலுக்குப் போய்வா என்று கெஞ்சினேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ? உங்கப்பன் உப்பள்ளிப் போட்டுக் கெடுத்துட்டான்னு சொல்லவா?" என்றாய். போகவில்லை.

நீ போன கொஞ்ச நாளில், மேடையை இடிக்கும் முன்பே, பக்கத்துத் தூணும் வெடித்தது, மச்சான். சீன ஆட்கள் திருஷ்டியும் சுற்றவில்லை, உப்பும் வைக்கவில்லை. மண்டோர்தான் சொன்னார்: "பழைய காங்கிரீட்டுக்குள்ள உப்பு ஊறிப் போச்சு. மேல என்ன பூசினாலும் நிக்காதாம்." உன் ஒரு பிடி உப்பு அங்கே பெரிய காரியமே இல்லை. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து உனக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு உன் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவன் வந்தான். என் கடிதம் வந்து சேரும் முன்பே நீ கண்ணை மூடிவிட்டாய் என்றான். கடைசிவரை "எங் கையாலதான் கெட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம்.

அஞ்சலையிடமாவது சொல்லலாம் என்று செந்தூலுக்குப் போனேன். உன் பேரன் அவள் இடுப்பில் இருந்தான், உன் காது அப்படியே, பாவம். தூண், உப்பு, பக்கத்துத் தூண் எல்லாம் சொன்னேன். உங்கப்பா மேல் குற்றமே இல்லை என்றேன். காப்பியை ஆற்றி வைத்தாள்.

"தூணு நின்னா என்ன, வுழுந்தா என்ன மாமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவள் கேட்டதைச் சுமந்துகொண்டு ரயிலேறினேன். இன்னும் இறக்கி வைக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் நீ.