கரையா, கறையா?

என் தங்கமே, வேதா,

மஞ்சள் காமாலை வந்து நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. நம் கல்லூரி மலர் வேலை மட்டும் உன்னைக் கேட்காமல் நடந்துகொண்டிருக்கிறது. கோபப்படாதே, எல்லாவற்றையும் சொல்கிறேன்.

இந்த வருஷ மலருக்குக் 'கரை' என்று தலைப்பு வைத்தவள் நீ. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்த எனக்குக் கரை என்றால் புடவைக் கரைதான். ஊரே அதைத்தான் எழுதும், அதைத்தான் வரையும் என்றேன். "ஏன்டி, பாலாத்துக்குக் கரை இல்லையா? உங்காத்துப் புடவைக்கு மட்டுந்தானா?" என்று என் வாயை அடைத்தாய். நீ ஆசிரியர், நான் துணை ஆசிரியர். உன் தலைப்பே நின்றது. கட்டுரை கேட்டு, வகுப்பு வகுப்பாக வாசித்துக் காட்டச் சொல்லி சர்க்குலர் அனுப்பினோம். அடுத்த வாரமே நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

போன புதன்கிழமை மலர்க் குழு கூடியது. உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தமிழ் மேடம்தான் பேச்சைத் தொடங்கினார். "கரையெல்லாம் வேணாம்மா. 'நினைவு'ன்னு மாத்திடலாம். அட்டையில வேதா போட்டோ, சுத்திக் கறுப்புக் கோடு. அந்தப் பொண்ணுக்கு நாம வேற என்னதான் செய்ய முடியும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உன் மேல் அவ்வளவு பிரியம்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீ ஆசை ஆசையாகச் செய்த கடைசி வேலை இது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உனக்கு மாலை போடுவதா? சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதனால் வந்திருந்த கட்டுரைகளை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

நான் சொன்ன மாதிரியே பாதிக்கு மேல் புடவைக் கரை. செவிலிமேட்டுப் பெண் ஒருத்தி மட்டும் ஆற்றங்கரையை எழுதியிருந்தாள். அப்புறம் பி.காம். படிக்கிற சுமதியின் கட்டுரை. அவர்கள் வீட்டில் பட்டுக்குச் சாயம் போடுகிறார்கள். சர்க்குலரைக் காதால் கேட்டவள்தானே, பேச்சில் நமக்கு ரெண்டு 'ர'வும் ஒன்றுதானே, 'கறை' என்றே தலைப்பைப் போட்டுவிட்டாள்! "எங்கள் அப்பா ஒரு வாரம் பச்சையாக இருப்பார், ஒரு வாரம் ஊதாவாக இருப்பார். இந்தத் தலைப்பைக் கொடுத்த வேதவல்லி அக்கா எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்திருக்க வேண்டும்" என்று தொடங்குகிறது.

மேடம்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நீ போனபின் அந்த அறையில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. "ஐயோ, வேதா மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த மேடம், முடிக்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. "மேடம், நினைவுன்னு வெச்சா எல்லாரும் அழுதுக்கினே எழுதுவாங்க. கரை அவ வெச்ச தலைப்பு. இதுல அவ இன்னும் வேலை செஞ்சிக்கினு இருக்கா மேடம்." மேடம் சுமதியின் கட்டுரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சரி, கரையே இருக்கட்டும். அந்தப் பொண்ணோட கறையையும் திருத்தாமப் போடுங்க" என்றார்.

நீ இருந்திருந்தால் திருத்தாமல் விட்டிருப்பாயா? கடைப் பலகையில் பிழை இருந்தால்கூட உள்ளே போய்ச் சண்டை போடுகிறவள் ஆயிற்றே.

நேற்று அச்சகத்தில் முதல் பக்கத்தைத் திருத்தக் கொடுத்தார்கள். ஆசிரியர் என்ற இடத்தில் அச்சகக்காரர் தாமாகவே 'அமரர் வேதவல்லி' என்று போட்டிருந்தார். 'அமரர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்தேன்.

"எறந்தவங்களுக்கு அப்படிப் போடலேன்னா தப்பும்மா."

"புக்கு இன்னும் வரலைங்க. வர்ற வரைக்கும் அவதான் ஆசிரியர்."

அவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்.

முதல் பிரதியைச் சின்னக் காஞ்சிபுரத்துக்கு நானே எடுத்துப் போய் உன் அம்மா கையில் கொடுப்பேன். அவர் அழுவார், நானும் அழுவேன், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் அந்த மலரில் நீ செத்துப்போனதாக ஒரு எழுத்துக்கூட இருக்காதுடி. சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
செல்வி