அழியாத பதிவும் நம் படகும்

மாமா,

கட்டுமாவடிக் கரையில் இன்று ஒரு புதுப் பைபர் படகு இறங்கியது. அதன் புதுப் பசை நாற்றம் கரையெங்கும் அடித்தது. எனக்கென்று ஒதுக்கிய நிவாரணப் படகு அது. நான் வாங்க மறுத்ததால் வேறொருவருக்குப் போய்விட்டது.

புயல் நம் படகைப் பிளந்த பிறகு, படகு இழந்தவர்களைப் பதிவு செய்ய அந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தார் வந்தார்களே. பங்குப் படகு நம்முடையது. இந்தக் கரையில் பங்காளிகளில் யாரைக் கேட்டாலும் "நம்ம படகு" என்பார்களே தவிர, பாதி என்று வாயால் சொல்லமாட்டார்கள். "நீ முன்னால போ மாப்ள, நான் தொழுதுட்டு வாரேன்" என்று என்னை அனுப்பினீர்கள். நான் படகு எண்ணைக் கொடுத்தேன். பிறகு வந்து நீங்களும் அதே எண்ணைக் கொடுத்தீர்கள். என் பெயர் ஏறியது. ஒரே எண் இரண்டு முறை வந்ததால் உங்கள் பெயருக்கு நேரே ‘மோசடி’ என்று விழுந்தது. வெளிப்படையாம், ஊரார் கைபேசிக்கெல்லாம் அதை அனுப்பினார்கள்.

பதிவு செய்த பெண்ணிடம் போனோம்.

"ரெண்டு பேருக்கும் ஒரு படகுதாம்மா. அந்தச் சொல்ல மட்டும் எடுத்துரு" என்றேன்.

"முடியாதுங்க ஐயா. இது பிளாக்செயின். ஏறுனா யாராலயும் அழிக்க முடியாது. அதாங்க இதோட பெருமையே."

"தப்பா ஏறுனா?"

"கீழ திருத்தம் சேக்கலாங்க. மேலிடத்துல ஒத்துக்கணும்."

"எனக்கு மேலிடம் ஒண்ணுதாம்மா. அவன் அழிச்சு எழுதுவான்" என்று சிரித்தீர்கள். ஆனால் அதன்பின் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பதை விட்டீர்கள். திருத்தம் வரவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள்.

பள்ளிக்கூடம் அதிகம் காணாத நான் வீடியோ பார்த்தே அந்தப் பிளாக்செயின் சங்கதியைக் கற்றேன். பல கணினிகளில் ஒரே பதிவை வைத்து, யாரும் மாற்றாமல் காப்பார்களாம். எழுதியதை மாற்றவில்லை என்று அது சத்தியம் செய்யும்; எழுதியது உண்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்? கொடுப்பவனுக்கு நம்மேல் நம்பிக்கையில்லை. அதற்கு இவ்வளவு இயந்திரம்.

படகு வந்ததும், பெற்றுக்கொள்ளக் கைபேசிக்கு முகம் காட்டச் சொன்னாள் அதே பெண்.

"அவர் பேர்ல உள்ள அந்தச் சொல்ல எடு, காட்டுறேன்."

"எறந்தவருக்கு எதுக்குங்க ஐயா?"

எழுந்து வந்துவிட்டேன். மகன் இப்போது கூலிக்கு வலை இழுக்கிறான். "ஒங்க வீம்புக்கு நாங்க காயுறோம்" என்கிறாள் மருமகள். வீம்புதான். நம் இருவரில் ஒருவர் திருடர் என்றால் மற்றவனும் திருடன்தானே? உங்களை இறக்கிவிட்ட படகில் நான் ஏறமாட்டேன், மாமா.