வெர்னா வீட்டு டாப்பர்

யூரீக்கா, மொன்டானா
மே 19

அன்புள்ள ட்ரெவருக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிடாதே. அவள் நன்றாக இருக்கிறாள், நானும் முழங்கால் வலியைத் தவிர சுகம்தான். நீயும் ஆனிகாவும் குழந்தை ஹேஸலும் அங்கே அலாஸ்காவில் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் போன் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவள் போனை என்னிடம் நீட்டினால் நான் அங்கே மழையா என்கிறேன், நீ ஆமாம் அங்கே வெயிலா என்கிறாய், அதோடு இருவருக்கும் சரக்கு தீர்ந்துவிடுகிறது. பதினோரு வருஷமாக அப்பனும் மகனும் வானிலைதான் பேசியிருக்கிறோம். காகிதம் என்றால் பாதியில் அம்மாவிடம் நீட்டித் தப்பிக்க முடியாது, அதனால்தான் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று காகிதம் ஏற்கனவே குப்பைக்குப் போய்விட்டது.

இங்கே பனி ஒருவழியாகப் போய்விட்டது. கரடி ஒன்று வந்து பறவைகளுக்கு வைத்திருந்த தீவனப் பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கிப் போட்டுவிட்டது, அம்மா அதைத் திட்டிய திட்டு கனடா எல்லை வரைக்கும் கேட்டிருக்கும். மர மில்லில் இப்போது ஒரு ஷிப்டுதான் ஓடுகிறது, நான் நல்லவேளை பென்ஷனோடு வெளியே வந்தேன். அம்மாவின் காது ஆபரேஷன் பற்றி உனக்குத் தெரியும், ஒரு வருஷத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கோ ஹேஸல் நடக்கிற அழகைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை. “நடக்க ஆரம்பிச்சாச்சு, நாளைக்கு ஓடும், நாம என்ன அது கல்யாணத்துக்கா போகப்போறோம்” என்று தினமும் ஒரு தடவையாவது என்னை இடிக்கிறாள். கடைசியில் அவளே வழியும் கண்டுபிடித்தாள். நம் பழைய வெள்ளை பிக்கப்பின் பின்தொட்டிமேல் ஒரு டாப்பர் கூண்டை வாங்கிக் கவிழ்த்து, உள்ளே மெத்தை போட்டு, வழியெல்லாம் அதிலேயே படுத்து எழுந்து அலாஸ்கா வரை போய்விடலாமாம். தீவனக் கடைப் பலகையில் ட்ராய் ஊர்க்காரி ஒருத்தி பழைய டாப்பர் விற்பதாகச் சீட்டு குத்தியிருந்ததைக் கையோடு கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ரஸ் அதைப் படித்துவிட்டு, “வெள்ளை வண்டிக்கு செவப்பு டாப்பரா? சேவல் கொண்டை மாதிரி இருக்கும், ஊரே சிரிக்கும் போ” என்றான். எனக்கு அந்தப் பயணமே பிடிக்கவில்லை, கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று. அதை வெளியே சொல்லாமல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். மனதுக்குள், ஏதாவது குறை கண்டுபிடித்துத் தட்டிக்கழித்துவிடலாம் என்றுதான் போனேன்.

விற்கிற அம்மாள் பெயர் வெர்னா, எழுபத்தைந்து வயது இருக்கும், கணவர் கிளைட் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய ஓடாத வண்டிமேல்தான் டாப்பர் அப்படியே இருந்தது. குறைக்குப் பஞ்சமில்லை. உள்துணி கிழிந்து தொங்குகிறது, ஒரு மூலையில் எலி கூடு கட்டியிருக்கிறது, பின்கண்ணாடிக் கதவு தூக்கினால் நிற்காமல் தலையில் விழுகிறது, விளக்குமாற்றுக் கட்டையை வெட்டி முட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரேக் விளக்கு எரியவில்லை. ஆனால் டேப் வைத்து அளந்தால் ஆறரை அடி, நம் தொட்டிக்கு மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது, விலையும் நியாயம். கடைசியாக ஒழுகுமா என்று கேட்டேன். “உள்ள போய் மல்லாக்கப் படுங்க, நான் மேல தண்ணி அடிக்கிறேன், படுத்தாத்தான் எங்க ஒழுகுதுன்னு தெரியும்” என்று சொல்லி ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தாள். நானும் ஊர்ந்து உள்ளே போய்ப் பலகைமேல் படுத்தேன், அவள் கதவைச் சாத்தினாள்.

மகனே, அதற்குள் நிமிர்ந்து உட்கார முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முழங்கையை ஊன்றினால் தலை இடிக்கிறது. பூட்ஸைக் கழற்றவே ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தண்ணீர் மேலே மத்தளம் மாதிரி அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே வெர்னா வெளியிலிருந்து கத்திப் பேசிக்கொண்டே இருந்தாள். “இதே மாதிரி ஒண்ணுலதாங்க ஒரு பையன் ஒரு குளிர்காலம் பூரா எங்க ஷெட்டுக்குப் பின்னாடி கெடந்தான். பத்தொம்பது வயசு, டயர் கடையில வேலை. எங்க வீட்டுக்காரர் ஒயர் இழுத்து ஒரு குட்டி ஹீட்டர் வெச்சுக் குடுத்தார். அப்பவும் காலையில பாத்தா கண்ணாடிக்கு உள்பக்கமா ஐஸ் கட்டியிருக்கும். அவன் விட்ட மூச்சுதான், வேறென்ன. வீட்டுக்குள்ள வந்து படுடான்னா வரமாட்டான். வெறகு பொளந்து போடாம ஒரு வாய் சூப் குடிக்கமாட்டான். ட்ரெவர்னு பேரு. அப்பா அம்மா இல்லையாடான்னு ஒருநாள் கேட்டேன். அம்மா இருக்காங்க, அப்பா செத்துட்டார்னான், பாவம்” என்றாள். அப்புறம், “ஒழுகுதா?” என்று கேட்டாள். கூரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். காலில் விழாத குறையாக முதலாளியிடம் சொல்லி மில்லில் உன்னைச் சேர்த்துவிட்டேன், ஒன்பதாம் நாள் நீ சொல்லாமல் நின்றுவிட்டாய், என் ஆட்கள் பத்துப் பேர் முன்னால் எனக்கு அது தெரிந்தது. அந்த மானக்கேடுதான் என் வாயிலிருந்து வந்தது. “என் கூரைக்குக் கீழ படுக்கணும்னா மில்லுக்குப் போ, இல்ல உன் வண்டியில போய்ப் படு” என்றேன். நீ உருளைக்கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அக்டோபர் கடைசி. இரண்டு நாளில் குளிர் தாங்காமல் வந்துவிடுவான் என்று உன் அம்மாவிடம் வீறாப்பாகச் சொன்னேன். பிறகு எவனாவது நண்பன் வீட்டில் இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அப்படி நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது. இதே போன்ற கூட்டுக்குள் நீ பிப்ரவரி வரை கிடந்தாய் என்று என் முதுகுக்குத் தெரிய எனக்கு அறுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

அதைவிட வெட்கக்கேடு இனிமேல்தான். நான் வெளியே வந்து எலிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன், பேரைச் சொல்லுங்க” என்று நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். ஹால்வர்சன் என்று சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கணக்கில் எப்போதோ செத்துப்போன ஆள் எப்படிப் பேர் சொல்வது? ரஸ் பெல்லாமி என்று சொல்லிவிட்டேன். ஆமாம், பக்கத்து வீட்டுக்காரன் பெயரைத்தான், வாயில் அதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எலி, பிரேக் விளக்கு, கதவு என்று ஒப்பித்தேன். “எலிக்கு மருந்து வெச்சுக்கலாம், விளக்கை நீயே மாட்டிடுவே, அப்புறம் என்ன?” என்றாள். மூன்று நாள் வாங்கலாமா வேண்டாமா என்று கொட்டகையில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாங்கினால் அந்த அம்மாள் முன்னால் யாராக நிற்பது, வாங்காவிட்டால் உன் அம்மாவுக்கு என்ன சொல்வது, இவ்வளவுதான் என் கணக்கு. டாப்பரின் குறையெல்லாம் வெறும் சாக்குதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் தாங்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் தோட்டத்தில் கேரட் விதையை நிறுத்தாமல் தூவிக்கொண்டே கேட்டாள். வரிசை முடிந்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, “அப்ப சரி, செத்தவனுக்கு டாப்பர் எதுக்கு? நீ இங்கயே கெட, நான் பஸ்ஸுல போய்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

சனிக்கிழமை போனேன். டாப்பரைத் தூக்க நாலு ஆள் வேண்டும், அதனால் ரஸ்ஸையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், எண்பது மைல் அவன் தன் மருமகனைத் திட்டிக்கொண்டு வந்தான், நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன், சொல்லவில்லை. இறங்கியதுமே வெர்னா என்னைப் பார்த்து, “வாங்க ரஸ், மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க” என்றாள். இந்த மடையன் முன்னால் போய், “அட, ட்ராய் வரைக்கும் நம்ம பேர் எட்டிடுச்சா! நான்தாம்மா ரஸ், யாரு சொன்னா?” என்று பல்லைக் காட்டுகிறான். வெர்னா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தூக்கிக்கொடுக்க வந்திருந்த அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் டாப்பரில் கை வைத்தபடி நின்றார்கள். அப்போதுகூட வேறு ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்தது மகனே, அதையும் உன்னிடம் ஒளிக்கவில்லை. அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு, “என் பேரு லைல் ஹால்வர்சன். ட்ரெவரோட அப்பா” என்றேன்.

ரஸ் போய் எங்கள் வண்டி டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான். வெர்னா என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கத்தக்கூட இல்லை. “நீ செத்துட்டேன்னு அவன் சொன்னதை நான் நம்பவே இல்ல. அப்பன் செத்த பையன் ரோட்டுல ஒவ்வொரு வெள்ளை பிக்கப்புக்கும் எந்திரிச்சு நிப்பானா? கிறிஸ்துமஸ் வரைக்கும் நின்னான், அதுக்கப்புறமும் நின்னான். ஜனவரில ஒருநாள் ஒரு வெள்ளை வண்டி வந்துச்சு. ஷெட்டுகிட்ட வந்ததும் மெதுவாச்சு. இவன் கையில இருந்த பனித் தொடப்பத்தைக் கீழ போட்டுட்டு நாலு எட்டு வெச்சான். வண்டி போயிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம்தான் என்கிட்ட அப்பா செத்துட்டார்னான்” என்றாள்.

அந்த வண்டியில் இருந்தது நான்தான். ட்ராய் தாண்டி பான்னர்ஸ் ஃபெரியில் ரம்பத்துக்குப் பட்டை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நீ ட்ராய் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு உன்னைத் தேடித்தான் வந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் உன் வண்டி தெரிந்தது, நீ அதன் கூரைமேல் இருந்த பனியைத் தள்ளிக்கொண்டு நின்றாய். பனி மூடிய அந்த இடத்தை எவனோ நண்பன் வீடு என்று நினைத்துக்கொண்டேன், போன செவ்வாய்க்கிழமை வெர்னா வீட்டில் இறங்கியபோது அடையாளம்கூடத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். அவனே வந்து மன்னிப்புக் கேட்கட்டும், நான் எதற்கு இறங்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த ஒரு நொடிதான், காலை எடுத்துவிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டு இருந்தேன். நீ நாலு அடி எடுத்து வைத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நின்றிருப்பேன் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அன்றைக்கு இருந்த லைல் நின்றிருப்பானா என்று எனக்கே நிச்சயமில்லை. தப்பு முழுக்க என்னுடையது. மில் வேலை உனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான், அது ஒரு குற்றமே இல்லை. என்னை மன்னித்துவிடு மகனே. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அல்லது மறுநாள், அல்லது உன் கல்யாணத்தன்று. ஒவ்வொரு முறையும் மழையா என்று கேட்டேன்.

டாப்பரை வாங்கிவிட்டேன். ஐந்து பேரும் தூக்கி வைத்தோம், வெர்னாவும் ஒரு மூலையைப் பிடித்தாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நீ இப்போது படகில் வேலை செய்வதையும் உனக்கு ஒரு பெண் குழந்தை இருப்பதையும் சொன்னேன், ஹேஸல் என்ற பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உனக்கென்று ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்திருக்கிறாள், நீ பீட்ரூட் ஊறுகாயை விரும்பிச் சாப்பிடுவாய் என்றாள். எனக்கு அதுகூடத் தெரியாது. ரஸ் திரும்பி வருகிற வழியில் கொண்டை, சேவல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை, அவனால் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா கேட்டைத் திறந்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், எலிக்கூட்டை நீதான் எடுக்க வேண்டும் என்றாள், அவ்வளவுதான்.

படகில் ஏறும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், வெயில் அடிக்கிறது என்று கழற்றி வைக்காதே. ஹேஸல் நடக்கிறாள் என்றால் அடுப்பைச் சுற்றித் தடுப்பு வை, உனக்கு அந்த வயதில் கையில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கும். கடவுள் உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி கிளம்பலாம் என்று அம்மா சொல்கிறாள். நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சரி அல்லது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டாம் என்றால் ஏன் என்று நான் கேட்கமாட்டேன், அவளை மட்டும் எப்படியாவது அனுப்பி வைப்பேன். சரி என்றால் அம்மா உங்களோடு உள்ளே குழந்தை பக்கத்தில் படுக்கட்டும். என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். நான் டாப்பரிலேயே படுத்துக்கொள்கிறேன். உன் வாசலில் வண்டியை நிறுத்த ஓர் இடம் மட்டும் காட்டு, நிறுத்திவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
லைல் ஹால்வர்சன்