பதினான்காவது டெஸ்ட்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் காரை விற்றுவிடலாமா என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறாய். முதலில் இதைப் படி.

முப்பது வருடம் லைசென்ஸ் ஆபீசில் டிரைவிங் டெஸ்ட் வைத்த மனுஷர். அந்த மறதி நோயில் நான் மகள் என்பது மறந்துபோனது; டெஸ்ட் வைப்பது மட்டும் மறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் காரில் ஏற்றினால் போதும், மடியில் மார்க் போடும் அட்டையை வைத்துக்கொள்வார்.

"கண்ணாடியப் பாக்காமயே வண்டிய எடுக்குறீங்க. ஃபெயில். அடுத்த மாசம் வாங்க."

பெற்ற மகளுக்கு வாங்க, போங்க என்று மரியாதை வேறு! இப்படிப் பதின்மூன்று முறை ஃபெயில். ஒருநாள் நடுரோட்டில் என்னை இறக்கிவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்று கூப்பிட்டார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், பாவம், வந்து உட்கார்ந்தார். பெல்ட் போடாததால் அவரும் ஃபெயில்.

பதினான்காவது முறை, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் அட்டையில் ஏதோ எழுதினார்.

"பாஸ். யாரும்மா உங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

"எங்கப்பாங்க."

"கெட்டிக்காரரு. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

அன்று உள்ளே போனவரை அந்தக் காரில் நான் திரும்பக் கூட்டிவரவில்லை. சேதி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதனால் தினமும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்:

"அப்பா, ஆபீசர் உங்கள விசாரிச்சாரு."

இப்படிக்கு,
ஒருவழியாகப் பாஸான அக்கா