கோட்டை மேட்டுக் கல்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ஒரு வெட்கக்கேடு: என் கிழிந்த உள்பாவாடையைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் தலைமாட்டில் போட்டுவிட்டு வந்தேன். அவர் போய் நாலு வருஷம். கோட்டை மேட்டு ரப்பர் மரங்களுக்குள்ளேதான் புதைத்தோம். அடையாளத்துக்கு நான் நட்டது பூச் செதுக்கிய பழைய கல். இப்போது அந்த மாதிரிக் கல் தேடிக் கொழும்பிலிருந்து தொல்பொருள் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கண்டால் தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் கல்லின் மேல் பாவாடை. காயப்போட்ட மாதிரி. மழையில்.

வாங்க வேண்டியது: சீனி, தீப்பெட்டி, கால்வலித் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்
தூறல். அந்த ஆட்களுக்கு மேலதிகாரி, சின்ன வயசு ஐயா, மாத்தயா என்கிறார்கள், மேட்டைச் சுற்றினார். பாவாடையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நல்ல வளர்ப்பு.

எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவருக்குப் பிளேன்டீ கொடுத்தேன். சிங்களத்தில் பேச்சு. ஏதோ ஒரு ராஜாவின் கோட்டையாம். சண்டையில் எரிந்ததாம். அப்போ சுவர் எங்கே என்றேன். சுவர் நின்றதாம். பிறகு கல் கல்லாகப் போனதாம், துரை பங்களாப் படிக்கு, ஸ்டோருக்கு, பாலத்துக்கு, எங்கள் லயத்து அஸ்திவாரத்துக்கு. யாரும் கோட்டையை இடிக்கவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் கல் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்றார்.

கடைசிக் கல்லை எடுத்தவள் அவருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்
வெயில். பால் நிறுக்கிற இடத்தில் நாத்தனார் மாரியாயி. மூக்கைச் சிந்துவதில் தோட்டத்திலேயே முதல் ஆள். இன்று காரணம் இருந்தது. மேட்டு ரப்பர் கிழடாம், அடுத்த மாதம் பிடுங்கப்போகிறார்களாம்.

"மண்ணு தோண்டுற பெக்கோ வருதாம் அண்ணி. மாத்தயா நம்பர் போட்ட கல்லு இருக்கிற எடத்த மட்டும் தொடமாட்டாங்களாம்."

"அப்ப ஒங்க அண்ணன்?"

"வேரோட வேரா போயிருவாரு."

ராஜாவுக்கே சுவர் மிஞ்சவில்லை. இவர் பால் வாளி தூக்கினவர்.

ஜூன் 12, வியாழன்
மப்பு. மேட்டுக்குப் போய்ப் பாவாடையை எடுத்தேன். மாத்தயாவைக் கூட்டி வந்து கல்லைக் காட்டினேன். கீழே பள்ளத்தில் கிடந்தது, உருட்டி வந்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் குந்தி, பூவை விரலால் துடைத்தார். வாசல் கல்லாக இருக்கலாம், எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்றார்.

என் சிங்களம் அதோடு நின்றுவிட்டது. தமிழில்தான் வந்தது.

"ராஜாவுக்கு இந்த மல பூரா இருக்குங்க. எங்க ஆளுக்கு இந்த ஒரு கல்லுதாங்க."

எவ்வளவு புரிந்ததோ. காலடி மண்ணைப் பார்த்தார். எழுந்து தள்ளிப்போய்க் காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். கல்லை அசைக்கவில்லை. சிவப்புப் பெயிண்டில் 31 போட்டார்.

ஆயுசு முழுக்கத் தோட்டத்துச் சம்பளப் பதிவில், செக்ரோலில், நம்பராக இருந்த மனுஷன். போயும் விடவில்லை.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரரோடு கொஞ்ச நேரம். கல்லில் சாய்ந்துகொண்டு.

பெயிண்ட் காயவில்லை. என் சட்டை முதுகில் திரும்பிப் பதிந்ததால், பால் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அதைப் பதின்மூன்று என்று வாசித்தார். மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.