பிலோமினா அக்கா சொல்லாதது

ஆடி 14, காரிக்கிழமை, திருகோணமலை.

வாய்மொழி வரலாறு கற்கவென்று கோடை விடுமுறையில் கனடாவிலிருந்து வந்த மாணவி லீனா, பாலையூற்றில் மீன் விற்கும் பிலோமினா அக்காவின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். கடலுக்குப் போன கணவர் திரும்பாத கதை. அதைத் தன் குழுவின் தொகுப்புக்காக எழுத்தாக்கும் பணியை மேடைப் பேச்சாளனான என்னிடம் தந்தாள். மூன்று நாள் உழைத்தேன்.

சொன்னவருக்கே படித்துக்காட்டி ஒப்பம் பெறுவது அவர்கள் முறையாம். இன்று பின்னேரம் அக்காவின் முற்றத்தில் குரலெடுத்துப் படித்தேன். "கொடுங்கடலே, என் கணவரை விழுங்கிய உன் பசி இன்னும் அடங்கவில்லையா?" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"நல்லாத்தான் இருக்குது, ஐயா. ஆனா இது ஆரின்ர கதை?"

"உங்களுடையதுதான், அக்கா."

"நான் கடலை ஏசேல்லையே. கடல்தானே எங்களுக்குச் சோறு போடுது. மேடையில நீங்கள் கதையுங்கோ, நாங்கள் கேக்கிறம். நான் சொல்லாததுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

பக்கத்திலிருந்த லீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை என் கையிலிருந்து வாங்கிவிட்டாள். நேற்றுத் தமிழ் பழகிய பெண்! அத்தனை பெரிய துயருக்கு ஏற்ற சொல் வேண்டாமா? என் மொழியின் வலிமை முழுவதையும் அந்த அம்மையாருக்காகச் செலவிட்டேன், அதைக் குற்றமென்கிறார்கள். நாளைக்குள் திருத்தி ஒப்பம் பெறாவிட்டால் அக்காவின் கதையே தொகுப்பில் இராதாம்.

சினம் தணியாமலே ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். "விடிய வந்து சாப்பிடுவாரெண்டு புட்டு அவிச்சு மூடி வச்சனான். பொழுதுபடும் மட்டும் திறக்கேல்லை" என்கிறார்.

அந்தப் புட்டை நான் எழுதவேயில்லை.